விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடு

மார்லிஸ் ஹோகன்சன் விலை சொல்கிற அழகைப் பார்ப்பதற்காகவே நான் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஏரிக்கரை ஊரான டுலூத்தில், படகு மோட்டார் ரிப்பேர் கடைக்கு மேலே எங்களுக்கு ஒரு பெரிய அறை இருந்தது. அதில் மூன்று மேஜை. ஒன்று மார்லிஸுடையது, பக்கத்து மேஜை லோர்னா பெல்ட்டோவுடையது, ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் என்னுடையது. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெப்சைட் செய்துகொடுப்பவர்கள். நான் போட்டோ எடுப்பவள். கல்யாணம், பள்ளிக்கூடம், விற்பனைக்கு வந்த வீடு என்று எது வந்தாலும் எடுப்பேன். வாடகையை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். என் பெயர் பெவ். இந்தக் கதையில் எனக்குப் பெரிய வேலை கிடையாது, கோபப்படுவதைத் தவிர.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பணத்தைப் பற்றிப் பேசுவதென்றால் அப்படி ஒரு கூச்சம். வேலை கேட்டு வருகிறவர் காபி குடிப்பார், ஏரிக் காற்றைத் திட்டுவார், மார்லிஸின் புருஷன் டுவேனுடைய இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார். எழுந்து கோட்டு மாட்டிக்கொள்ளும்போதுதான், ஏதோ கெட்ட வார்த்தை சொல்லப்போகிறவர் மாதிரி மென்று முழுங்கி, "அப்போ, இதுக்கெல்லாம் என்ன ஆகும்?" என்பார். மார்லிஸ் தன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பாள்.

"நாலாயிரத்து எண்ணூறு டாலர். பாதி முன்பணம்."

அதோடு வாயை மூடிக்கொள்வாள். சிரிக்க மாட்டாள், விளக்கம் சொல்ல மாட்டாள், இருமக்கூட மாட்டாள். கீழே யாரோ ஒரு மோட்டாரை உறுமவிட்டு நிறுத்துவது கேட்கும். வந்தவர் கூரையைப் பார்ப்பார், பூட்ஸைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். நான் உடனே லென்ஸ் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். கடைசியில் அவரே, "சரி, நியாயமாத்தான் இருக்கு" என்பார். பெரும்பாலும் அப்படித்தான் முடியும். "விலையைச் சொல்லு, வாயை மூடு. அதுக்கப்புறம் யாரு முதல்ல பேசறாங்களோ அவங்க பாக்கெட்டுலேருந்துதான் போகும்" என்பாள் மார்லிஸ். அவளுக்கு வேதம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

லோர்னாவுக்கு இது சுட்டுப்போட்டாலும் வராது. அவள் படம் வரைகிறவள், நிறம் பார்க்கிறவள், எல்லாருக்கும் பிடித்தவள். யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் பின்னல் தொப்பியோடு முதலில் போய் நிற்பது அவள்தான். ஆனால் அரை நிமிஷம் யாரும் பேசாமல் இருந்தால் அவளுக்கு மூச்சு முட்டிவிடும். ஒருமுறை ஏரியின் வடகரையில் விடுதி நடத்துகிற ஒருத்தர் வந்திருந்தார். மார்லிஸ் விலையைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அவர் மூக்கைச் சொறிந்தார். அவ்வளவுதான்.

"இல்லேன்னா மூவாயிரத்துக்கும் பண்ணலாம்! அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல!" என்று லோர்னா கூவிவிட்டாள்.

அந்த மனிதர் படியிறங்கிப் போன சத்தம் ஓய்கிறவரை மார்லிஸ் பொறுத்திருந்தாள்.

"ஏன்டி, அந்த ஆளு இன்னும் வாயே திறக்கலையேடி! எதுக்குடி குறைச்ச?"

"அவர் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு மார்லிஸ். பாவமா இருந்துச்சு."

"அவர் மூஞ்சியே அப்படித்தான். நான் அவர்கூட ஸ்கூல்ல படிச்சேன். அஞ்சாங்கிளாஸ்லயும் இதே மூஞ்சிதான்."

லோர்னா விழுந்து விழுந்து சிரித்தாள். மார்லிஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. விலை பேசும் நேரம் வந்தால், காரை வேறு இடத்தில் நிறுத்திவிட்டு வருகிறேன் என்று லோர்னா கீழே போய்விட வேண்டும். கார் சாவியை அவள் கையில் எடுத்தாலே எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

இவர்கள் இரண்டு பேரும் ஒரே பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். ஒரே நாளில் வேலை போனது. ஆளுக்கொரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு வந்தவர்கள், அங்கேயே நின்று, இனி யாரிடமும் சம்பளம் வாங்குவதில்லை, சொந்தமாக வேலை பிடித்துச் செய்வது என்று முடிவு பண்ணினார்களாம். அந்த வாரம்தான் டுவேனுக்கு இடுப்பு ஆபரேஷன். மார்லிஸ் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். தொழிலின் பெயரைப் பதிவு செய்ய லோர்னா மட்டும் போனாள், தன் ஒருத்தி பெயரில் பதிந்தாள். "பொறுமையா மாத்திக்கலாம்" என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். பதிமூன்று வருஷம் ஓடிவிட்டது.

வாடிக்கையாளர்களிடம் மட்டும் மார்லிஸ் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஒரே பக்க ஒப்பந்தம், அவளே எழுதியது. அதில் ஒவ்வொரு வரியும் அவள் பட்ட ஒரு அடி. வெப்சைட்டின் முகப்பில் எந்த மீன் படத்தைப் போடுவது என்று ஒருத்தர் மாற்றி மாற்றி உயிரை எடுத்த பிறகு வந்தது, திருத்தம் இரண்டு தடவைதான், அதற்கு மேல் மணிக்கணக்கில் கூலி என்கிற வரி. முழுப் பணம் வருகிறவரை செய்த வேலை செய்தவளுக்கே சொந்தம் என்பது, ஒரு பல் டாக்டர் வேலையை வாங்கிக்கொண்டு காசு தராமல் ஓடிய பிறகு வந்தது. கீழே கடைசி வரி இப்படி இருக்கும்: "மான் வேட்டை தொடங்கும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போன் எடுக்கப்படாது. காட்டில் சிக்னல் கிடைக்காது. கிடைத்தாலும் எடுக்கப்படாது." அதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் எங்கள் ஊரில் இல்லை.

எழுதியது அவள், கையெழுத்துப் போட்டது லோர்னா, ஏனென்றால் தொழில் லோர்னா பெயரில் இருந்தது. நான் ஒருமுறை கேட்டேன்.

"ஊர்ல இருக்கிறவங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குற. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு காகிதம் வேண்டாமா?"

மார்லிஸ் என்னைப் பார்த்த பார்வை, நான் ஏதோ அவள் வீட்டு நாயை உதைத்துவிட்டவள் மாதிரி. "லோர்னாகிட்ட போயி, உன்னை நம்பலை, இதுல ஒரு கையெழுத்துப் போடுன்னு கேக்கச் சொல்றியா? என்ன ஜென்மம்டி நீ?"

எங்கள் ஊரில் சிநேகிதியிடம் காகிதம் கேட்பது அவளைத் திருடி என்று சொல்வதற்குச் சமம். பக்கத்து வீட்டுக்காரரிடம் பனி வாரும் இயந்திரத்தை இரவல் வாங்கி வருஷக்கணக்காக வைத்துக்கொண்டிருப்போம், இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேச மாட்டோம். அப்படிப்பட்ட ஜனங்கள் நாங்கள்.

வெப்சைட் கட்டிக் கொடுத்துவிட்டு அதோடு விடுவதில்லை மார்லிஸ். மாதாமாதம் பார்த்துக்கொள்வதற்கு என்று ஒரு சின்னத் தொகை. பேக்கரி, சர்ச், தச்சுப் பட்டறை, நாய் ஆஸ்பத்திரி என்று இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. புது வேலை வராத மாதத்திலும் அந்தப் பணம் வரும். அவளுக்கும் டுவேனுக்கும் மருத்துவ இன்சூரன்ஸ் கட்டியது அதில்தான். டுவேனுக்கு இன்னொரு பக்க இடுப்பும் போய்க்கொண்டிருந்தது. அறுபத்தைந்து ஆனால் அரசாங்கக் காப்பீடு வந்துவிடும். மார்லிஸுக்கு அப்போது ஐம்பத்தொன்பது. "இதைப் பிடிச்சுக்கிட்டே அறுபத்தஞ்சுக்குப் போய்ச் சேர்ந்துடுவேன் பெவ். அதுக்கப்புறம் யாரு என்ன ஆனா எனக்கென்ன" என்பாள். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் சர்ச்சிலிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. வருஷா வருஷம் அவர்கள் போடுகிற மீன் விருந்துக்குத் தேதி மாறியிருக்கிறது, வெப்சைட்டில் மாற்ற வேண்டும். அது இரண்டு நிமிஷ வேலை. மார்லிஸ் சாண்ட்விச்சை ஒரு கையில் வைத்துக்கொண்டே பாஸ்வேர்டைத் தட்டினாள். உள்ளே விடவில்லை. மறுபடியும் தட்டினாள். சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள்.

"தப்பாத் தட்டுறியா?" என்றேன்.

"பத்து வருஷமாத் தட்டுறது."

பேக்கரியைத் திறந்து பார்த்தாள். விடவில்லை. நாய் ஆஸ்பத்திரி, தச்சுப் பட்டறை, எதுவும் விடவில்லை. யாரோ திருட்டுத்தனமாக உள்ளே புகுந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். லோர்னாவுக்குப் போன் போட்டாள். அக்காவைப் பார்க்க மினியாப்பொலிஸ் போயிருந்த லோர்னா எடுக்கவில்லை. சர்ச் அலுவலகத்துக்குப் போட்டாள், தகவலாவது சொல்லிவிடலாம் என்று. அங்கே ஆர்டிஸ் என்று ஒரு அம்மாள், காது கொஞ்சம் மந்தம், அதனால் எல்லாவற்றையும் கத்தித்தான் பேசுவாள். என் மேஜை வரைக்கும் கேட்டது.

"அட மார்லிஸ்! நீ ஏம்மா கூப்பிடுற? நான் பழைய பழக்கத்துல உன் நம்பருக்குப் போட்டுட்டேன். நீதான் ரிட்டயர் ஆயிட்டியாமே! லோர்னா சொன்னா. இனிமே மினியாப்பொலிஸ் கம்பெனிக்காரங்க பாத்துப்பாங்கன்னு அவங்களும் கூப்பிட்டுப் பேசுனாங்க. உனக்கு ஒரு கார்டு வாங்கி வெச்சிருக்கோம், எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. விருந்துக்கு வர்றப்ப வாங்கிக்க, என்ன?"

மார்லிஸ், "சரி ஆர்டிஸ், நன்றி" என்றாள். நன்றி! போனை வைத்துவிட்டுச் சாண்ட்விச்சை எடுத்துக் காகிதத்தில் ஒழுங்காகச் சுற்றினாள். பையில் வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. லோர்னாவின் காலி மேஜைக்கு முன்னால் நின்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கீழேயிருந்து மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை லோர்னா வந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய எலுமிச்சை கேக் துண்டுகள், மேலே சர்க்கரை தூவி, அலுமினியத் தாள் போட்டு மூடியிருந்தது. எங்கள் ஊரில் யாராவது செத்தாலும் இதைத்தான் கொண்டுபோவோம், யாரையாவது சாகடித்தாலும் இதைத்தான் கொண்டுபோவோம் போலிருக்கிறது.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்று ஆரம்பித்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "நேரம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன் மார்லிஸ். நீயும்தான் எப்பப் பாரு அலுத்துக்கிற, கண்ணு வலிக்குது, முதுகு வலிக்குதுன்னு. உனக்கும் நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன்."

"அதுக்காக அவ ரிட்டயர் ஆயிட்டான்னு ஊர் பூராச் சொல்லுவியா?" நான்தான் கத்தினேன். "வித்துட்டு வந்திருக்க! அவ செஞ்சதை எல்லாம் வித்துட்டு வந்திருக்க!"

"நீ கொஞ்சம் சும்மா இரு பெவ்" என்றாள் மார்லிஸ். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். மினியாப்பொலிஸில் ஒரு பெரிய கம்பெனி, சின்னச் சின்ன ஊர்களில் இருக்கிற இந்த மாதிரித் தொழில்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தது. லோர்னா கோடையிலிருந்தே அவர்களோடு பேசியிருக்கிறாள். வாடிக்கையாளர்களின் ஒப்பந்தம் எல்லாம் தொழிலின் பெயரில், தொழில் அவள் பெயரில். விற்றுவிட்டாள். கோடையிலிருந்து என்றால், அந்த ஜூலையில் மார்லிஸ் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து நாங்கள் மூன்று பேரும் சோளக்கதிர் சுட்டுத் தின்றபோதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

"ஆனா உன்னை நான் விட்டுக்கொடுக்கலை" என்றாள் லோர்னா. பையிலிருந்து காகிதங்களை எடுத்தாள். "உனக்கு வேலை குடுக்கணும்னு அவங்ககிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன். நீ வீட்டுலேருந்தே பண்ணலாம். மணிக்கு இவ்வளவுன்னு தருவாங்க. கொஞ்சம் கம்மிதான். ஆனா நிரந்தரம். நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும், இன்னைக்கே பாஸ்வேர்ட் குடுத்துடுவாங்க."

மார்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். அவள் எதையும் மேலோட்டமாகப் படிக்கிறவள் இல்லை. முதல் பக்கத்தில் பாதிக்கு வந்தவள் நிமிர்ந்தாள், மறுபடியும் குனிந்தாள். இரண்டாம் பக்கத்தின் அடியில் போய் நின்றாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். மான் வேட்டை தொடங்கும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போன் எடுக்கப்படாது. காட்டில் சிக்னல் கிடைக்காது. கிடைத்தாலும் எடுக்கப்படாது.

அவள் எழுதிய ஒப்பந்தத்தையே எடுத்து, அவளுக்கு எதிராகத் திருப்பி வைத்திருந்தார்கள். எவனோ அவசரத்தில் அந்த வரியைத் தூக்க மறந்திருக்கிறான். செய்த வேலை செய்தவளுக்கே சொந்தம் என்று இருந்த இடத்தில், எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று இருந்தது. பாதி முன்பணம் என்கிற வரியைக் காணோம். கூலி அவள் வாங்கிக்கொண்டிருந்ததில் பாதி. அதற்கெல்லாம் மேலே புதிதாக ஒன்று: இந்த வாடிக்கையாளர்கள் யாரிடமும் இரண்டு வருஷத்துக்கு அவள் நேரடியாக வேலை வாங்கக் கூடாது.

"இதை நீ அவங்களுக்குக் குடுத்தியா?" என்றாள் மார்லிஸ்.

"அவங்க மாதிரிக்கு ஒண்ணு கேட்டாங்க. நம்மளது நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்கல்ல..." லோர்னா பேனாவை எடுத்து நீட்டினாள். "சும்மா சம்பிரதாயம்தான் மார்லிஸ். பதிமூணு வருஷமா ஒண்ணாத் தொழில் பண்றோம். எனக்காக ஒரு கையெழுத்து."

எனக்காக என்று சொன்னாள் பாருங்கள், அங்கேதான் மார்லிஸுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். காகிதங்களை அடுக்கித் தட்டி மேஜைமேல் வைத்தாள்.

"நான் இதுல கையெழுத்துப் போட்டா உனக்கு எவ்வளவு?"

கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"என்னது? எனக்கு என்ன... என்ன மார்லிஸ் இப்படிக் கேக்குற."

மார்லிஸ் பேசவில்லை. கீழே ஒரு மோட்டார் உறுமிவிட்டு அடங்கியது. லோர்னா கேக் தட்டின் தாளைச் சரிசெய்தாள். ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், நான் லென்ஸ் துடைக்கவில்லை, நேராகவே பார்த்தேன். கார் சாவி அவள் கையில் இருந்தது, ஆனால் இந்தத் தடவை அவளைக் கீழே அனுப்ப யாரும் இல்லை.

"பாதிதான் குடுத்திருக்காங்க" என்றாள் கடைசியில். "மீதி, நீ கையெழுத்துப் போட்டப்புறம். நீ போட்டியா வந்துடுவியோன்னு அவங்களுக்குப் பயம்."

மார்லிஸ் அப்போதும் பேசவில்லை.

"உனக்கும் தரலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. பத்தாயிரம் தரேன்." மௌனம். "சரி, பதினஞ்சு. டுவேனோட ஆபரேஷனுக்கு ஆகும்." அவள் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. "மார்லிஸ், ஏதாவது சொல்லேன். இருபது. வரப்போற மீதியில பாதியே எடுத்துக்க. பாதி! இதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும்?"

"நான் இன்னும் வாயே திறக்கலையேடி லோர்னா" என்றாள் மார்லிஸ்.

லோர்னா அழுதுவிட்டாள். தட்டை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். சிரிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. ஆனால் மார்லிஸ் கண்ணாடியை இரண்டு தடவை எடுத்தாள், இரண்டு தடவையும் மாட்ட முடியாமல் கீழே வைத்தாள். நான்தான் மாட்டிவிட்டேன்.

"அந்தப் பாதியையாவது வாங்கிக்கடி, முட்டாள்" என்றேன். "உனக்குச் சேரவேண்டியதுதானே!"

"அதை வாங்குனா நான் ரிட்டயர் ஆனது நிஜமாயிடும் பெவ்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. வக்கீலைப் பார்த்தாள். வழக்கு நிற்கும், ஆனால் முடிய ரெண்டு மூணு வருஷம் ஆகும், அதற்குள் உங்கள் கையிருப்பு என் கைக்கு வந்துவிடும் என்று அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். அதை விட்டாள். வாடிக்கையாளர்களைத் தேடிப் போனாள், ஒவ்வொருவராக. நானும் சில இடங்களுக்குக் கூடப் போனேன். எல்லாரும் காபி கொடுத்தார்கள். எல்லாரும் எங்கள் ஊர்ப் பாணியில் "உஃப்டா" என்று பெருமூச்சு விட்டு, "ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார்கள். ஆனால் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று, பாதியில் மாற்றினால் ஒரு மாதிரி இருக்கும். பேக்கரிக்காரர் ஒரு பொட்டலம் ரொட்டியைக் கையில் திணித்தார். நாலு பேர்தான் திரும்பி வந்தார்கள். வேறு யாருக்கும் இல்லாத கூச்சம் எங்கள் ஜனங்களுக்கு. அந்தக் கூச்சத்தின் மேல் ஏறித்தான் லோர்னா போய்விட்டாள்.

சர்ச் விருந்துக்கும் போனாள் மார்லிஸ். போகாதே என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. சாம்பல் தண்ணீரில் ஊறவைத்த மீனும் வெண்ணெயும் உருளைக்கிழங்குமாக நீள மேஜையில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஆர்டிஸ் எழுந்து நின்று கார்டைக் கொடுத்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். இனிய ஓய்வு என்று அச்சடித்து, தூண்டில் போடுகிற ஒரு கிழவன் படம். நூறு கையெழுத்து இருக்கும். "நான் ரிட்டயர் ஆகலை" என்று அவள் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில் சிநேகிதியின் மானத்தை வாங்க அவளால் முடியவில்லை. வாங்கிக்கொண்டு வந்து காரில் வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

மான் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை வழக்கம்போலக் காட்டுக்குப் போனாள். மரத்துமேல் பரணில் உட்கார்ந்து பகல் முழுக்க அழுதாளாம். டுவேன் என்னிடம் சொன்னான். "அவ அழுத அழுகையில சுத்துவட்டாரத்துல ஒரு மான் இல்ல" என்று சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

திரும்பி வந்ததும் லோர்னாவின் தட்டைக் கழுவினாள். எங்கள் ஊரில் யாருடைய தட்டையும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். நாலு பிஸ்கட்டாவது, தோட்டத்துத் தக்காளியாவது வைத்துத்தான் கொடுப்போம். மார்லிஸ் அதைத் துடைத்து, ஒன்றும் வைக்காமல், லோர்னா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அவள் வாய்விட்டு ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட லோர்னாவுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அதற்குப் பிறகு லோர்னா இந்தத் தெருப் பக்கம் வருவதில்லை. மார்லிஸ் கையெழுத்துப் போடாததால் மீதிப் பணம் வரவில்லை என்று கேள்வி. வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

இன்சூரன்ஸுக்காக மார்லிஸ் மாவட்ட அலுவலகத்தில் ஒரு வேலைக்குப் போனாள். யாரிடமும் சம்பளம் வாங்குவதில்லை என்று சொன்னவள், காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறாள். மிச்சமிருக்கும் நாலு வாடிக்கையாளர்களைச் சனிக்கிழமைகளில் பார்க்கிறாள், அதே மேஜையில். லோர்னாவின் மேஜையை நான் கீழே மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன்.

இந்த வசந்தத்தில் எனக்கு ஒரு வெப்சைட் வேண்டியிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, நான் எடுத்த படங்களைப் போட்டு, கூப்பிட ஒரு நம்பரும் போட்டால் போதும். ஒரு சனிக்கிழமை அவளிடம் சொன்னேன். முன்னாளில் என்றால், "ஒரு மத்தியானச் சாப்பாடு வாங்கிக் குடு, முடிச்சுத் தரேன்" என்றிருப்பாள். நான் மனதுக்குள் ஹோட்டல்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

மார்லிஸ் இழுப்பறையைத் திறந்து ஒற்றைக் காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"ஆயிரத்து இருநூறு. பாதி முன்பணம்."

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பதிமூன்று வருஷமாக நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்து ரசித்த மௌனம் அது. அதற்கு எதிரே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. நான் கூரையைப் பார்த்தேன். பூட்ஸைப் பார்த்தேன். அவள் கண்ணில் கோபம் ஒன்றும் இல்லை, என்னைக் காயப்படுத்துகிற எண்ணமும் இல்லை. பயம்தான் இருந்தது. நான் முடியாது என்று சொல்லிவிடுவேனோ என்கிற பயம்.

"நியாயமாத்தான் இருக்கு" என்றேன்.

கடைசி வரி வரைக்கும் படித்தேன். மான் வேட்டை வரி அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையெழுத்துப் போட்டு, காசோலையும் எழுதிக் கொடுத்தேன். அவள் என் கையெழுத்தை ஒருமுறை பார்த்தாள், காகிதத்தை இழுப்பறையில் வைத்து மூடினாள். அப்புறம்தான், "வா, சாப்பிடப் போலாம்" என்றாள்.